பழைய கடவுச்சீட்டில் இருக்கும் அந்த முத்திரை

கேள்வி:

நான் ஆரையம்பதியைச் சேர்ந்தவள். கணவர் முன்பு பாசிக்குடாவில் ஹோட்டல் சமையலில் இருந்தவர், இப்போது தாய்லாந்தில் புக்கெட்டில் வேலை. நானும் இரண்டு பிள்ளைகளும் அவருடைய குடும்பம் என்ற வீசாவில் அங்கே இருக்கிறோம். 2025 மே 22ஆம் திகதி அப்பா தவறிவிட்டார் என்று போன் வந்து, அன்றைக்கே நாலு பேரும் வெளிக்கிட்டு வந்தோம். சுவர்ணபூமி விமான நிலையத்தில் கணவர் ஏதோ ஒரு மேசையில் படிவம் நிரப்பி, ஆளுக்கு இவ்வளவு என்று காசு கட்டி, எல்லாருடைய கடவுச்சீட்டிலும் ஒரு முத்திரை குத்துவித்தார். அது என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் ஜூன் 9இல் திரும்பிப் போய்விட்டார். நாங்கள் 31ஆம் நாள் முடிந்தும், அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் நின்றுவிட்டோம். ஓகஸ்ட் 10 பாங்கொக்கில் இறங்கி, அங்கே தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் புக்கெட் போவோம். இதற்கிடையில் என் கடவுச்சீட்டு டிசம்பரில் முடிகிறது என்று பத்தரமுல்லைக்குப் போய்ப் புதிது எடுத்துவிட்டேன். பிள்ளைகளுடையதில் இன்னும் காலம் இருக்கிறது. கணவரும் படோங்கில் இருந்த வீட்டை விட்டு, ஜூலையில் கத்து பக்கம் மாறிவிட்டார். புது வீட்டுக்காரி எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாவாம். பழைய கடவுச்சீட்டில் பின் அடித்திருக்கும் துண்டில் 90 நாள் அறிவித்தலுக்கு ஜூலை 3 என்று இருக்கிறது. அந்தத் திகதி இங்கேயே கழிந்துவிட்டது. எங்கள் தங்கும் அனுமதி செப்டம்பர் 30 வரை.

அங்கே இருக்கிற அக்கா ஒருவர், இறங்கி 24 மணித்தியாலத்துக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதியாவிட்டால் வீசா போய்விடும் என்கிறார். இங்கே ஒரு ஏஜென்ட், வருகைப் படிவம் போட ஆளுக்கு 4,000 ரூபா கேட்கிறார். எனக்கு நித்திரையே இல்லை. என்ன செய்வது?

ஆரையம்பதி வாசகி

பதில்:

தங்கச்சி, முதலில் எழும்பிப் போய் உங்கள் பழைய கடவுச்சீட்டை எடுங்கள். கணவர் காசு கட்டிக் குத்துவித்த அந்த முத்திரையைத் தேடுங்கள். நீங்கள் எழுதிய அத்தனை விஷயங்களிலும் பெயர் தெரியாது என்று சொன்னது அது ஒன்றுதான். உங்கள் வீசாவைத் தாங்கிக்கொண்டு நிற்பதும் அது ஒன்றுதான். அதன் பெயர் மீள்நுழைவு அனுமதி. அங்கே எல்லாரும் ரீ-என்ட்ரி என்பார்கள், படிவம் டிஎம் 8. முத்திரையில் 'சிங்கிள்' அல்லது 'மல்டிபிள்' என்றும், எந்தத் திகதி வரை செல்லும் என்றும் இருக்கும். பிள்ளைகளின் கடவுச்சீட்டுகளிலும் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள். தாயுடைய முத்திரை பிள்ளைக்குச் செல்லாது.

சட்டத்தரணி வேலைக்கு வருமுன் நான் ஒன்பது வருடம் பாங்கொக்கில் ஒரு அலுவலகத்தில் வெளிநாட்டு ஊழியர்களின் வீசாக் கடதாசிகளைத்தான் பார்த்தேன். அங்கே எங்களிடம் களுவாஞ்சிகுடிப் பொடியன் ஒருவன் இருந்தான். தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டதும் யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டான். ரீ-என்ட்ரி எடுக்கவில்லை. அந்த மேசை கடவுச்சீட்டுப் பரிசோதனைக்குக் கிட்டவே இருந்திருக்கிறது, அழுத கண்ணுக்கு அது தெரியவில்லை. தாய்லாந்துச் சட்டப்படி, அந்த அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்டிய நிமிடமே ஒரு வருடத்துத் தங்கும் அனுமதி செத்துவிடும். ஒரு மாதம் கழித்து அவன் திரும்பி வந்தபோது வீசாவும் இல்லை, அதோடு ஒட்டியிருந்த வேலை அனுமதியும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. அப்பா செத்த செய்தியைக் கேட்ட அந்த நேரத்திலும் உங்கள் கணவர் நாலு பேருக்கும் அதை எடுத்திருக்கிறார். அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

அந்த 24 மணித்தியாலக் கதைக்கு வருவோம். அக்கா சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் ஆளும் பிழை, தண்டனையும் பிழை.

தாய்லாந்தின் குடிவரவுச் சட்டம் 1979ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 38ஆம் பிரிவு, தன் வீட்டில் வெளிநாட்டவர் ஒருவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர், அல்லது அந்த வீட்டைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அல்லது ஹோட்டல் மனேஜர், ஆள் வந்து சேர்ந்து 24 மணித்தியாலத்துக்குள் குடிவரவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் படிவம்தான் டிஎம் 30. தாய்லாந்துக்காரர் வாயில் அது 'தோமோ சாம்சிப்'. அறிவிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். விட்டால் தண்டமும் அவருக்கே: தனியார் வீடென்றால் 2,000 பாட் வரை, ஹோட்டலென்றால் 2,000 முதல் 10,000 பாட் வரை. உங்கள் வீசாவை இதற்காக யாரும் பிடுங்குவதில்லை. என் கண்முன்னால் 800 பாட் கட்டியவரும் உண்டு, 1,600 கட்டியவரும் உண்டு, அதிகாரிக்கு ஒரு வணக்கம் சொல்லி ஒன்றும் கட்டாமல் வந்தவரும் உண்டு.

பாங்கொக்கில் ஒவ்வொரு ஹோட்டலிலும் கடவுச்சீட்டை வாங்கிப் படம் பிடிப்பது எதற்கென்று நினைத்தீர்கள்? இதற்குத்தான். உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் எத்தனையோ இரவுகள் 'பதியப்பட்டு' இருக்கிறீர்கள்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு 'பதிய வேண்டும்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குவது எனக்கு விளங்குகிறது. ஒரு காலத்தில் வீட்டுப் பட்டியலில் பெயர் இல்லாத மச்சான் ஒருவன் ஓர் இரவு தங்கினால், மறுகா விடிவதற்குள் கிராம சேவகரிடமும் பொலிசிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றிவளைப்பில் பட்டியலும் தலையும் ஒத்துவராவிட்டால் என்ன நடந்தது என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பயத்தை டிஎம் 30க்குக் கொண்டு போகாதீர்கள். அது ஒரு கடதாசி வேலை. கடவுச்சீட்டில் பின் அடித்துத் தரும் ஒரு சின்னத் துண்டு.

ஆனால் அந்தத் துண்டு இல்லாவிட்டால் வேறு கதவுகள் திறக்காது. அனுமதி நீடிப்புக்குப் போனால் அதிகாரி முதலில் அதைத்தான் கேட்பார். 'வீட்டுக்காரர்தானே அறிவிக்க வேண்டும், எனக்கென்ன' என்று வாதாடி வென்ற ஒருவரையும் நான் காணவில்லை. தண்டம் சட்டத்தில் வீட்டுக்காரருக்கு, நடைமுறையில் வாடகைக்கு இருப்பவரின் பையிலிருந்துதான் போகும்.

வெளிநாடு போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் டிஎம் 30 போட வேண்டுமா என்பது அங்கே பல வருடங்களாக இழுபட்ட சண்டை. 2019இல் திடீரென்று இறுக்கிப் பிடித்தார்கள். ஒரு கிழமை சிங்கப்பூர் போய் வந்தவரும் திரும்பப் போட வேண்டி வந்தது, வெளிநாட்டவர்கள் கொதித்தார்கள். 2020 ஜூனில் இளக்கினார்கள். ஏற்கெனவே பதிந்த வீட்டுக்கே, அனுமதிக் காலத்துக்குள், ரீ-என்ட்ரியோடு திரும்பி வருபவருக்கு மறுபடி போடத் தேவையில்லை என்றாகிவிட்டது. சில மாகாண அலுவலகங்களில் அதற்குப் பிறகும் கேட்டார்கள். உங்களுக்கு இந்தச் சலுகையைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஏனென்றால் அது உங்களுக்குப் பொருந்தாது. வீடு மாறிவிட்டது, உங்கள் கடவுச்சீட்டு இலக்கமும் மாறிவிட்டது. போட்டே ஆக வேண்டும்.

24 மணித்தியாலம் விமானம் இறங்கியதிலிருந்து ஓடாது, அந்த வீட்டில் போய்ச் சேர்ந்ததிலிருந்துதான். பாங்கொக்கில் தங்கும் இரவுக்குச் சட்டப்படி அந்த வீட்டுக்காரர்தான் அறிவிக்க வேண்டும். ஓர் இரவுக்கு யாரும் செய்வதில்லை என்பது வேறு கதை. உங்களுக்கு மனம் கேட்காவிட்டால் ஒரு ஹோட்டலில் தங்குங்கள், அவர்களே செய்துவிடுவார்கள். கத்து வீட்டுக்கு நீங்கள் 11ஆம் திகதி போய்ச் சேர்வீர்கள். 12ஆம் திகதி தாய்லாந்தில் அன்னையர் தினம், அரச விடுமுறை, அலுவலகம் பூட்டு. ஆகவே 13ஆம் திகதி காலை புக்கெட் நகரத்துக் குடிவரவு அலுவலகத்துக்குப் போங்கள். இடையில் விடுமுறை வந்ததற்காக அங்கே யாரும் உங்களோடு சண்டைக்கு வரப்போவதில்லை. இணையத்திலும் அறிவிக்கலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே கணக்குத் திறந்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கணவர் அதை இப்போதே தொடங்கட்டும்.

கையெழுத்துப் போட மறுக்கும் வீட்டுக்காரியைப் பற்றி. இது அங்கே ஊர்வழக்கம். பெரும்பாலும் காரணம் வரி. வாடகை வருமானம் அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். நேரே கேட்டால் சொல்ல மாட்டார்கள், "மை பென் ராய்", பரவாயில்லை, என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சட்டம் 'வீட்டைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்' என்றும் சொல்வதால், வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருக்கும் உங்கள் கணவரே போய் அறிவிக்கலாம் என்று பல அலுவலகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. கொண்டு போக வேண்டியவை: வாடகை ஒப்பந்தப் பிரதி, வீட்டுக்காரியின் அடையாள அட்டைப் பிரதி, 'தபியன் பான்' எனும் நீல நிற வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் பிரதி, உங்கள் மூவரின் கடவுச்சீட்டுப் பக்கங்களின் பிரதிகள். அடையாள அட்டைப் பிரதியும் வீட்டுப் புத்தகப் பிரதியும் வீட்டுக்காரி கையில்தான். வரியைப் பற்றிய பேச்சே எடுக்காமல், "தண்டம் வந்தால் நாங்கள் கட்டுகிறோம், எங்களுக்கு இரண்டு பிரதி மட்டும் தாருங்கள்" என்று கணவர் கேட்கட்டும். நல்ல மாம்பழம் ஒரு பை கொண்டு போனாலும் குற்றமில்லை.

ஜூலையில் வீடு மாறியபோது கணவர் தனக்கே டிஎம் 30 போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்காரி மறுக்கிறாவாம் என்பதைப் பார்த்தால் போடவில்லை போலிருக்கிறது. இடம் மாறினால் வெளிநாட்டவர் தானும் 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று 37ஆம் பிரிவு வேறு சொல்கிறது. உங்களுக்காகக் காத்திருக்காமல் அவர் இந்தக் கிழமையே போய்த் தன்னுடையதைப் பதியட்டும், தண்டம் கேட்டால் கட்டட்டும். அந்த வீடு ஒருமுறை பதிவுக்குள் வந்துவிட்டால் உங்கள் மூவரையும் சேர்ப்பது சுலபம்.

90 நாள் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜூலை 3 என்ற அந்தத் திகதிக்கு இப்போது உயிர் இல்லை. 90 நாள் அறிவித்தல் என்பது நாட்டுக்குள் தொடர்ந்து 90 நாள் இருப்பவர், தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்வது. படிவம் டிஎம் 47. நீங்கள் மே மாதம் நாட்டை விட்டு வெளியேறிய அன்றே பழைய கணக்கு நின்றுவிட்டது. இல்லாத ஆள் எதை அறிவிப்பது? தண்டமும் இல்லை, விளக்கக் கடிதமும் வேண்டாம். திரும்பி உள்ளே போகும் நாள் புதுக் கணக்கின் முதலாம் நாள். ஓகஸ்ட் 10ஐ ஒன்று என்று எண்ணினால் 90ஆம் நாள் நவம்பர் 7. அதற்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்வரை, அதாவது ஒக்டோபர் 23 முதல் நவம்பர் 14 வரை, நேரில் போய் அறிவிக்கலாம். இணையத்தில் என்றால் கடைசி நாட்களுக்கு விட்டுவைக்காதீர்கள், அங்கே கால எல்லை இன்னும் முந்தியே முடியும். கட்டணம் இல்லை. பிந்திப் போய்த் தானாகச் சொன்னால் 2,000 பாட். சட்டப்படி உச்சம் 5,000 பாட், அதற்கு மேல் நாளுக்கு 200.

கணவருடைய கணக்கு வேறு. அவர் ஜூன் 9 உள்ளே போனவர், அவருடைய 90ஆம் நாள் செப்டம்பர் 6. ஒரு குடும்பத்தில் ஒரே நாள் என்று நினைத்து, கணவர் போகும்போது எல்லாரும் போவோம் என்று இருந்து தண்டம் கட்டியவர்கள் நிறையப் பேர். வீட்டுக் கலண்டரில் இரண்டு திகதியையும் வெவ்வேறு மையில் எழுதி வையுங்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடம். நீங்கள் கேட்காத கேள்வி இது: பாங்கொக்கில் கடவுச்சீட்டுப் பரிசோதகரின் மேசையில் நீங்கள் எதை நீட்டப் போகிறீர்கள்?

உங்கள் புதுக் கடவுச்சீட்டு வெறும் பக்கங்கள். அதில் தாய்லாந்து வீசாவும் இல்லை, நீடிப்பும் இல்லை, ரீ-என்ட்ரியும் இல்லை. எல்லாம் பழையதில். 2024 ஜூலையில் தாய்லாந்து இலங்கையருக்கும் வீசா இல்லாமல் 60 நாள் நுழைவைத் திறந்துவிட்டது. சுற்றுலாப் பயணிக்கு நல்லது, உங்களுக்கு அதுதான் கண்ணி. நீங்கள் புதுக் கடவுச்சீட்டை மட்டும் நீட்டினால், பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரி உங்களைச் சுற்றுலாவுக்கு வந்தவர் என்று எண்ணி 60 நாள் முத்திரையைக் குத்திவிடுவார். அவர் பிழை செய்யவில்லை, நீங்கள் கொடுத்ததைப் பார்த்தார். ஆனால் உங்கள் குடும்ப வீசா அந்த ஒரு குத்தோடு கைநழுவிவிடும். உங்களுக்கு ஒரு நிலை, பிள்ளைகளுக்கு வேறு நிலை என்று ஆகிவிடும். பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

ஆகவே இரண்டு கடவுச்சீட்டையும் ஒன்றாக நீட்டுங்கள். பழையதில் ரீ-என்ட்ரி உள்ள பக்கத்தைத் திறந்து, விரலால் காட்டி, "ரீ-என்ட்ரி" என்று ஒரு சொல் வாய்விட்டுச் சொல்லுங்கள். தாய்லாந்து மொழியோ ஆங்கிலமோ தெரியாதே என்று கூச வேண்டாம், அந்த ஒரு சொல் போதும். பிள்ளைகளுடையதையும் அப்படியே. முத்திரை குத்தித் திருப்பித் தந்ததும் அந்த இடத்தை விட்டு நகராமல் வாசியுங்கள். 'இந்தத் திகதி வரை அனுமதி' என்ற இடத்தில் மூன்று பேருக்கும் செப்டம்பர் 30 இருக்க வேண்டும். வேறு திகதி என்றால் அங்கேயே, அந்த மண்டபத்திலேயே, மேலதிகாரியின் மேசைக்குப் போங்கள். பெட்டி எடுக்க வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து சொல்வது வேறு விஷயம்.

கட்டுநாயக்காவிலும் இதே கதைதான். விமானக் கம்பனி மேசையில் 'வீசா எங்கே, திரும்பும் டிக்கெட் எங்கே' என்பார்கள். பழைய கடவுச்சீட்டுத்தான் பதில். அது மூலை வெட்டிய கடவுச்சீட்டாக இருக்கலாம், அதனால் உள்ளே இருக்கும் ரீ-என்ட்ரி செத்துவிடாது. அதைப் பெரிய பெட்டிக்குள் சேலைக்கடியில் வைத்துவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். திருமணப் பதிவுப் பிரதி, கணவரின் வேலை அனுமதிப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதே பையில். தாய்லாந்துக்கு வேலை என்று ஆசை காட்டி, மியன்மாரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் எங்கள் பிள்ளைகளை அடைத்த கதைகளுக்குப் பிறகு, இரண்டு பக்கமும் அதிகாரிகள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் பார்க்கிறார்கள். கேட்டால் கோபிக்க வேண்டாம்.

புதுக் கடவுச்சீட்டில் உங்கள் பெயர் எப்படி வந்திருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். பழையதில் அப்பாவின் பெயரோடு இருந்து, புதியதில் கணவரின் பெயரோடு எடுத்திருந்தால், இரண்டு புத்தகமும் இரண்டு பெண்களுடையது போலத் தெரியும். எங்கள் பெயர் வைக்கும் முறையை வெளிநாட்டு அதிகாரிக்கு அந்த மேசையில் நின்று விளங்கப்படுத்த முடியாது. திருமணப் பதிவின் ஆங்கில மொழிபெயர்ப்புத்தான் பேச வேண்டும். கையில் இல்லாவிட்டால் மண்முனைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து, மொழிபெயர்ப்பித்து, கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்துங்கள். இன்னும் நாள் இருக்கிறது. நீடிப்புக்கும் அது தேவைப்படலாம்.

அந்த ஏஜென்ட். ஆளுக்கு 4,000 ரூபாவா! 2025 மே 1ஆம் திகதியிலிருந்து தாய்லாந்துக்குள் போகும் வெளிநாட்டவர் எல்லாரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அங்கே வருடக்கணக்காக இருப்பவரும், கைக்குழந்தையும் அதில் அடக்கம். நீங்கள் போன முறை உள்ளே போனபோது இது இருந்திருக்காது, அதனால் ஏமாற்றுவது சுலபம். இது இலவசம். தாய்லாந்துக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலேயே போனில் நிரப்பலாம், மூன்று பேருக்கும் ஒரே தடவையில். வந்து சேர்வதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும். உங்களுக்கு ஓகஸ்ட் 7 முதல். தளத்தின் முகவரி 'டாட் கோ டாட் டிஎச்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அரச தளம் போல வேடம் போட்டுக் காசு கேட்பவை நிறைய. உங்களுக்குப் புதுக் கடவுச்சீட்டு இலக்கம், முகவரிக்குக் கத்து வீடு. வரும் க்யூஆர் குறியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு ஏ.எல். படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்தால் போதும். அதில் முகவரி எழுதியாயிற்றே, இனி டிஎம் 30 எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை.

புக்கெட் அலுவலகத்துக்கு 13ஆம் திகதி போகும்போது இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். பழைய கடவுச்சீட்டிலிருக்கும் அனுமதி முத்திரைகளைப் புதியதற்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. இவையெல்லாம் எதற்காக என்றால், செப்டம்பர் 30க்காக. ரீ-என்ட்ரி உங்களை உள்ளே விடும், ஒரு நாள்கூட நீட்டித் தராது. அந்தத் திகதி தாண்டினால் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000, தாண்டிய நிலையில் பிடிபட்டால் நாட்டுக்குள் வரத் தடை. நவம்பர் 7 வரை 90 நாள் இருக்கிறதே என்று எண்ணி, செப்டம்பர் 30ஐத் தவறவிட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். 90 நாள் என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்ற அறிவித்தல், இருக்கலாம் என்ற அனுமதி அல்ல.

நீடிப்பு விண்ணப்பத்தை முடிவுத் திகதிக்கு 30 நாள் முன்பிருந்து ஏற்பார்கள், கட்டணம் ஆளுக்கு 1,900 பாட். முதலில் கணவருடையது நீடிக்க வேண்டும், உங்களுடையது அதன் வாலைப் பிடித்துத்தான் போகும். அவருடைய ஹோட்டல் நிர்வாகம் கடதாசிகளைத் தரச் சுணங்கினால் உங்களுக்கும் சுணங்கும். செப்டம்பர் முதல் கிழமையே தொடங்கச் சொல்லுங்கள், அவருடைய 90 நாள் அறிவித்தலும் அதே கிழமைதான் வருகிறது. நீடிப்புக் கிடைத்தாலும் உங்கள் நவம்பர் 7 மாறாது, அது தன்பாட்டில் ஓடும்.

உங்களிடம் இருக்கும் ரீ-என்ட்ரி 'சிங்கிள்' என்றால் ஓகஸ்ட் 10 அன்று அது தீர்ந்தது. கணவருடையது ஜூன் 9இலேயே தீர்ந்துவிட்டது. அம்மா இங்கே தனியே இருக்கிறா, நாளைக்கு அவவுக்கு ஒன்றென்றால் மறுபடி இரவோடிரவாக ஓடி வர வேண்டியிருக்கும். நீடிப்புக் கிடைத்த அன்றே அதே அலுவலகத்தில் எடுத்து வைத்துவிட்டால் விமான நிலையத்தில் அந்த மேசையைத் தேடத் தேவையில்லை. ஒருமுறை போய்வர 1,000 பாட், எத்தனை முறையும் போய்வர 3,800 பாட். நாலு பேருக்கும் 'மல்டிபிள்' எடுத்தால் 15,200 பாட், 'சிங்கிள்' எடுத்தால் 4,000. அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஒருமுறைதான் எல்லாரும் வருவீர்கள் என்றால் சிங்கிள் போதும். அம்மாவைப் பார்க்க நீங்கள் மட்டும் அடிக்கடி வருவதாக இருந்தால், உங்களுக்கு மாத்திரம் மல்டிபிள் எடுங்கள்.